கோடு அங்கேயேதான் இருக்கு, நிறம்தான் போச்சு!

போன செமஸ்டர் மேனுஃபாக்சரிங் லேப். 28 மி.மீ. எம்.எஸ். ராடு ஒன்றை லேத்தில் மாட்டி, ஒரு முனையை 22.20 மி.மீ. விட்டத்துக்குக் கடையணும். அது 22.25 மி.மீ. துளை உள்ள புஷ்ஷுக்குள் நுழையணும். இவ்வளவுதான் வேலை.

கடைசி கட் எடுத்துவிட்டு மைக்ரோமீட்டரில் பார்த்தேன். 22.20. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அதே 22.20. பக்கத்து மெஷின் நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் 22.20 என்றான். ஜாபை சக்கிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புஷ்ஷின் வாயிலேயே நின்றுவிட்டது. வெர்னியரில் வைத்துப் பார்த்தால் 22.70!

சரியாக அரை மில்லிமீட்டர் அதிகம். "அதிகம்தானே, மறுபடி கடைஞ்சா போச்சு" என்று நினைக்கலாம். ஆனால் மூன்று தாடை சக்கில் ஒருமுறை கழற்றிய ஜாபைத் திரும்ப மாட்டினால் அது அதே மையத்தில் உட்காராது. ஏற்கெனவே கடைந்த இன்னொரு படிக்கும் இதுக்கும் மையம் ஒத்துப்போகாது. மார்க் போச்சு, இரண்டு மணி நேர உழைப்பும் போச்சு.

லேப் இன்ஸ்ட்ரக்டர் திட்டுவார் என்று நின்றேன். அவர் மைக்ரோமீட்டரை வாங்கிப் பார்த்தார். மொபைல் டார்ச்சை எரியவிட்டு, ஸ்லீவுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அதுவரை கண்ணில் படாத ஒரு குட்டிக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

"கோடு எங்கயும் போவல்ல மக்களே. அது அங்கயேதான் இருக்கு. நிறம்தான் போச்சு."

இந்தக் கட்டுரை அந்த நிறத்தைப் பற்றியது.

ஒரு கோடு, அரை மில்லிமீட்டர்

முதல் வருஷத்தில் படித்ததைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். சாதாரண 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரில் ஸ்பிண்டிலின் பிட்ச் 0.5 மி.மீ. திம்பிளில் 50 பிரிவுகள். எனவே ஒரு பிரிவுக்கு 0.01 மி.மீ. திம்பிள் ஒரு முழுச் சுற்று சுற்றினால் ஸ்பிண்டில் அரை மி.மீ. மட்டும்தான் நகரும். ஒரு முழு மி.மீ. நகர இரண்டு சுற்று வேண்டும்.

அப்படியானால் 22.20 என்றாலும் 22.70 என்றாலும் திம்பிளில் தெரியும் எண் 20-தான். நாம் முதல் சுற்றில் இருக்கிறோமா, இரண்டாவது சுற்றில் இருக்கிறோமா என்று சொல்வது ஸ்லீவில் இருக்கும் அரை மி.மீ. கோடு ஒன்று மட்டும்தான். எங்கள் லேப் கருவியில் மி.மீ. கோடுகள் நடுக்கோட்டுக்கு மேலேயும், அரை மி.மீ. கோடுகள் கீழேயும் இருந்தன. மேலே இருந்தவற்றில் கறுப்பு மிச்சம் இருந்தது. கீழே இருந்தவற்றில் சுத்தமாகப் போயிருந்தது. நானும் நண்பனும் தப்பாக எண்ணவில்லை. எண்ணவேண்டிய கோடு எங்கள் கண்ணுக்கே வரவில்லை.

வெட்டிய கோடு ஏன் மறைகிறது?

மைக்ரோமீட்டர், வெர்னியர், லேத்தின் க்ராஸ் ஸ்லைடு டயல் இவற்றில் கோடுகள் பெரும்பாலும் உலோகத்தில் பள்ளமாக வெட்டப்பட்டவை. பள்ளத்துக்குத் தனி நிறம் கிடையாது. சுற்றியிருக்கும் உலோகமும் பள்ளத்தின் அடியும் ஒரே உலோகம்தான். வெறும் பள்ளம் நம் கண்ணுக்குத் தெரிவது நிழலால்தான். வெளிச்சம் சாய்வாக விழுந்தால் பள்ளத்தின் ஒரு சுவர் இருட்டாகும், கோடு தெரியும். தலைக்கு நேர் மேலே டியூப் லைட் எரிந்தால் நிழல் இல்லை, கோடும் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த ரகசியம் இதுதான்.

பள்ளத்துக்குள் கறுப்பு நிறமியை நிரப்பிவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. நிறமி எந்தக் கோணத்தில் வரும் ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும். எங்கே நின்று பார்த்தாலும் கோடு கறுப்பு, சுற்றிலும் வெள்ளி. கருவியின் பரப்பைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்யாமல் மங்கலான சாட்டின் குரோமாக விடுவதும் இதற்காகத்தான். பளபளப்பு இருந்தால் கண் கூசும், கோடு அதில் தொலைந்துபோகும்.

நிறம் போவதற்குக் காரணம் நாமேதான். கட்டிங் ஆயில் பள்ளத்தில் ஊறும். அதைத் துடைக்க தின்னர் நனைத்த காட்டன் வேஸ்ட்டைப் போட்டுத் தேய்ப்போம். தின்னருக்கு எண்ணெயும் பெயின்ட்டும் ஒன்றுதான். போதாக்குறைக்கு நம்ம மாவட்டத்தின் உப்புக் காற்று. குரோம் தேய்ந்த இடத்தில் துரு பிடித்தால் கோட்டுக்குள் பழுப்பு நிறம் ஏறும், அளவு இன்னும் குழம்பும்.

ஆச்சி வீட்டு ஓலை

இந்த வேலை நாஞ்சில் நாட்டுக்குப் புதுசு இல்லை. அந்த வாரம் ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஆச்சி சிரித்துக்கொண்டே உள்ளே போய், மரப்பெட்டியிலிருந்து பாட்டாவின் ஜாதக ஓலையை எடுத்துவந்தாள். பழுப்பேறிய ஓலை. எழுத்து இருப்பது கீறலாகத் தெரிகிறது, படிக்க முடியவில்லை.

"இதுக்கு மை தடவாம எப்படி மக்களே வாசிப்ப?" என்றாள்.

யோசித்துப் பாருங்க. எழுத்தாணியில் மை கிடையாது. அது இரும்பு ஊசி. ஓலையில் கீறும், அவ்வளவுதான். கீறிய எழுத்துக்கும் ஓலைக்கும் ஒரே நிறம். அதனால் எழுதி முடித்த பிறகு ஏடு முழுக்க மையைத் தடவி, துணியால் துடைத்துவிடுவார்கள். ஓலையின் மேல்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அங்கே மை நிற்காது. கீறலுக்குள் போனது மட்டும் தங்கிவிடும். இதற்கு மையாடுதல் என்று தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது. மஞ்சள், வசம்பு, மாவிலைக் கரி, இலைச்சாறு இவற்றையெல்லாம் கூட்டி அந்த மையைச் செய்ததை உ.வே.சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் சொல்கிறார். இன்றைக்குச் சுவடிகளைப் பாதுகாப்பவர்கள் விளக்குக் கரியைப் புல்தைலத்தில் குழைத்துத் தடவுகிறார்கள். எழுத்தும் தெரியும், பூச்சியும் அண்டாது.

நம்ம மாவட்டத்து வரலாற்றில் ஒரு பெரிய பகுதி இப்படிக் கீறிய எழுத்தில்தான் இருக்கிறது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலை ஆவணங்களைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றை 'முதலியார் ஓலைகள்' என்ற பெயரில் பதிப்பித்தார். நிலம், வரி, அடிமை விற்பனை என்று நாஞ்சில் நாட்டின் பழைய கணக்கு வழக்கெல்லாம் அதில் உண்டு. மை போனாலும் கீறல் போகாது. அந்த ஆவணங்கள் இத்தனை காலம் படிக்கக் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே வேலையைக் கல்லில் பார்க்கணும் என்றால் மயிலாடிப் பக்கம் போங்க. கல்தச்சர்கள் பெயர்ப்பலகையில் எழுத்தை வெட்டி, உள்ளே பெயின்ட் நிரப்பி, மேலே வழிந்ததைச் சுத்தம் செய்வார்கள். பாலிஷ் செய்த கறுப்புக் கிரானைட்டில் பொன்னிற எழுத்து நிற்கும். வருஷக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டு நிறம் மங்கினால் மறுபடி நிரப்பினால் போதும். எழுத்தை மறுபடி வெட்ட வேண்டாம்.

ஆகமொத்தம் ஓலை, கல், இரும்பு மூன்றிலும் ஒரே கணக்குதான். நிரந்தரமாக நிற்க வேண்டியதை வெட்டு பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிய வேண்டியதை நிறம் பார்த்துக்கொள்ளும். வெட்டுவது ஒருமுறை வேலை. நிறம் பராமரிப்பு வேலை. எண்ணெய் விடுவது மாதிரி, அதையும் அவ்வப்போது செய்யணும்.

எப்படிச் செய்வது?

முதலில் ஒரு சோதனை. நகத்தைக் கோட்டின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்க. நகம் தட்டினால் பள்ளம் இருக்கிறது, நிறம் நிரப்பலாம். தட்டாவிட்டால் அது அச்சடித்ததாகவோ, மேலோட்டமான லேசர் மார்க்காகவோ இருக்கலாம். அதில் பெயின்ட் நிற்க இடமே இல்லை. விட்டுவிடுங்க.

1. சுத்தம். வேலையில் பாதி இதுதான். பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுக் கோட்டின் நீளவாக்கில் தேய்க்கணும். உள்ளே இறுகிய அழுக்கை மூங்கில் குச்சியால் எடுக்கலாம். ஊசி, பிளேடு வேண்டாம், பள்ளத்தின் விளிம்பு கெடும். எமரி பேப்பர் வேண்டவே வேண்டாம், குரோமும் போகும், கோட்டின் ஆழமும் குறையும். பள்ளத்தில் எண்ணெய் துளி இருந்தாலும் பெயின்ட் பிடிக்காமல் உரிந்து வரும். மைக்ரோமீட்டரை அப்படியே கரைப்பானில் முக்கிவிடாதீங்க. உள்ளே இருக்கும் மரையின் எண்ணெயும் போய்விடும்.

2. நிறம். சாட்டின் குரோமுக்குக் கறுப்பு. கறுப்பு ஆக்சைடு ஏற்றிய டூலுக்கு வெள்ளை அல்லது மஞ்சள். சிவப்பை ஜீரோ கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அதனால் நிறத்தை மட்டும் நம்பி அர்த்தம் சொல்லக் கூடாது, பக்கத்தில் எண்ணோ எழுத்தோ இருக்கணும்.

3. எதை நிரப்புவது? மெழுகு கிரேயான் ரொம்ப சுலபம்: தேய், துடை, முடிந்தது. ஆனால் வெயிலில் இளகும், எண்ணெயில் கரையும். நெயில் பாலிஷ் சீக்கிரம் காயும், ஆனால் அசிட்டோனோ தின்னரோ பட்டால் போய்விடும். எங்களுக்குச் சரிப்பட்டது சின்ன டப்பாவில் வரும் சிந்தெட்டிக் எனாமல். காய நேரம் எடுக்கும், ஆனால் கட்டிங் ஆயிலைத் தாங்குகிறது.

4. நிரப்புதல். பல்குச்சி முனையால் பெயின்ட்டைக் கோட்டின் மேல் வைத்து நீளவாக்கில் இழுங்க. கெட்டியாக இருந்தால் ஒரு சொட்டு டர்பன்டைன் விடலாம். பள்ளம் குறுகலாக இருப்பதால் பெயின்ட் தானாகவே உள்ளே ஏறும். பிசிக்ஸில் படித்த கேப்பிலாரிட்டிதான். மேலே வழிந்தால் கவலை வேண்டாம்.

5. துடைத்தல். எல்லோரும் சொதப்புவது இங்கேதான். மெத்தென்ற துணியை விரலில் சுற்றித் துடைத்தால் அது பள்ளத்துக்குள் இறங்கி, நிரப்பியதையும் சேர்த்து எடுத்துவரும். துடைப்பது விறைப்பாக இருக்கணும், பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி தாண்டிப் போகணும். பழைய ஏ.டி.எம். கார்டில் ஒரு மடிப்பு பனியன் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்ளலாம். உருண்டையான ஸ்லீவுக்கு ஜெராக்ஸ் பேப்பர் துண்டு நல்லது. பெயின்ட் மேலே லேசாக ஆடை கட்டும்வரை பொறுத்திருந்து, டர்பன்டைன் ஈரம் பட்டும் படாமலும் இருக்கிற மாதிரி வைத்து, கோட்டுக்குக் குறுக்கே ஒரே பக்கமாக இழுங்க. ஒவ்வொரு இழுப்புக்கும் பேப்பரின் புது இடம். நீளவாக்கில் துடைக்கக் கூடாது.

6. காய்தல். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைங்க. நிறம் பள்ளத்துக்குள் கொஞ்சம் இறங்கியிருந்தால் இன்னொரு தடவை நிரப்பலாம்.

7. சரிபார்த்தல். கருவியின் அளக்கும் முகங்களில் பெயின்ட் படவே கூடாது. பட்டால் அந்தப் படலமும் அளவில் சேர்ந்துவிடும். முடிந்ததும் முகங்களைத் துடைத்து ஜீரோ பாருங்க, பிறகு ஸ்லிப் கேஜ் வைத்து இரண்டு மூன்று இடங்களில் பாருங்க. லேப் கருவி என்றால் பொறுப்பாளரிடம் கேட்காமல் தொடாதீங்க. டிஜிட்டல் காலிப்பரில் அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிப்போகும், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்க.

துப்பாக்கியிலும் இதே கதைதான்

ஆயுதமும் நம்ம ஊருக்குத் தூரத்து விஷயம் இல்லை. 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டி லனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியானார். புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டையில் அவர் மேற்பார்வையில் பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டிய எழுத்தை இன்றும் பார்க்கலாம்.

இன்றைய துப்பாக்கிகளில் தயாரிப்பாளர் பெயர், காலிபர், வரிசை எண் எல்லாம் உலோகத்தில் பதிந்திருக்கும். சேஃப்டி லீவர் பக்கத்தில் பல துப்பாக்கிகளில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அது தெரிந்தால் சுடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். மைக்ரோமீட்டரில் நிறம் போனால் ஒரு ஜாப் போகும். இங்கே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாடுகளில் இந்தப் புள்ளிக்கும் எழுத்துக்கும் நிறம் நிரப்புவதைப் பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். அங்கேயும் முறை இதேதான்: சுத்தம், நிரப்பு, குறுக்கே துடை.

நம்ம நாட்டில் இதைக் கையில் எடுக்காதீங்க. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, துப்பாக்கியில் இருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றம் என்கிறது. நிறம் நிரப்புவது எண்ணை மாற்றுவது ஆகாது. ஆனால் தேய்க்கிறேன் என்று எண்ணைக் கெடுத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியது லைசென்ஸ் வைத்திருப்பவர். அது உரிமம் பெற்ற ஆயுதப் பணிமனையின் வேலை.

மெக்கானிக்கல் மக்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அச்சால் அடித்துப் பதித்த எண்ணை அரத்தால் ராவி எடுத்தாலும் தடயவியல்காரர்கள் பல நேரம் மீட்டுவிடுவார்கள். அச்சு இறங்கும்போது எழுத்துக்குக் கீழே இருக்கும் உலோகமும் நசுங்கி, அதன் படிக அமைப்பு மாறுகிறது. ராவிய இடத்தை மெருகேற்றி அமிலக் கரைசல் தடவினால், நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வேறு வேறு வேகத்தில் அரிக்கும். எண் மங்கலாக எழுந்து வரும். மெட்டலர்ஜி வகுப்பில் படித்த கோல்டு வொர்க்கிங்தான் இது. கண்ணுக்குப் பள்ளமே இல்லாதபோதும் அடித்த அடி உலோகத்துக்குள் இருக்கிறது!

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் படித்துவிட்டுக் கோயில் சுவர்க் கல்வெட்டில் சாக்பீஸோ பெயின்ட்டோ தேய்க்கப் போகாதீங்க. கல்வெட்டுக்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஈரத் தாளைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, தாளின் மேல் மை ஒற்றி எடுப்பார்கள். மேட்டில் மை படும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். நாம் செய்வதற்கு நேர் எதிர். மை தாளோடு போய்விடும், கல் அப்படியே இருக்கும். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாலே பாதி எழுத்து தெரிந்துவிடும்.

கடைசியாக

இன்ஸ்ட்ரக்டரின் அனுமதியோடு, லேபில் ஓரம் கட்டி வைத்திருந்த ஆறு கருவிகளை எடுத்து நானும் நண்பனும் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தோம். நாலு தேறியது. ஒன்றில் யாரோ எமரி போட்டுத் தேய்த்ததில் கோடே போயிருந்தது. இன்னொன்றில் கோடு தெளிவாக வந்தது, ஆனால் ஸ்லிப் கேஜ் வைத்தபோது அளவு தப்பாகக் காட்டியது. மரை தேய்ந்த கருவியை எந்த நிறமும் காப்பாற்றாது. மொத்தச் செலவு ஒரு சின்ன டப்பா எனாமல்.

எனக்கு மார்க் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மைக்ரோமீட்டர் இப்போது ஜூனியர்கள் கையில் இருக்கிறது. அரை மி.மீ. கோடுகள் எல்லாம் கறுப்பாகத் தெரிகின்றன.

ஆச்சி வீட்டு ஓலையை நான் தொடவில்லை. பழைய சுவடியில் மை தடவத் தெரிந்தவர்கள்தான் தடவணும். இப்போதைக்கு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பாட்டா பிறந்த நட்சத்திரம் வரைக்கும் படித்திருக்கிறோம்.

அடுத்த தடவை லேபில் ஏதாவது ஒரு கருவியை எடுக்கும்போது, அளப்பதற்கு முன்னால் அதன் கோடுகளைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்க. எது தெரியவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு அளக்க ஆரம்பிங்க.